அந்தோனியாருக்குப் பின்னால் இருந்த லப்டொப்

இஞ்சாருங்கோ கிளெமென்ற்,

செவ்வாய்க்கிழமைகளில் நான் அந்தோனியார் சுரூபத்தைத் துடைப்பேன் என்பது, கல்யாணம் கட்டி இத்தனை வருடமாகியும் உங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் லப்டொப்பின் பிரேதத்தை அவருக்குப் பின்னால் ஒளித்திருப்பீர்களா? தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவரிடமா கொண்டுபோய் ஒளிப்பது!

"லப்டொப்பில போட்ட புது வேர்ஷன் சரியான ஸ்லோ, அதை அழிச்சுப் பழசைப் போட்டுத் தாறன்" என்றீர்கள். "என்ர டியூஷன் பிள்ளையளின்ர வினாத்தாள் எல்லாம் அதுக்குள்ள கிடக்கு, தொடாதேங்கோ" என்றேன். தொட்டீர்கள்; அது செத்துப்போனது. நேற்றுக் கேட்டதற்கு, "சார்ஜில கிடக்கு" என்று வாய் கூசாமல் சொன்னீர்கள்.

நீங்கள் களவாக வரச்சொன்ன ரிப்பெயர்காரர் வீட்டு நம்பருக்குக் கோல் எடுத்து, "மிஸிஸுக்குச் சொல்ல வேணாமெண்டு சேர் சொன்னவர், சேர் நிக்கிறாரா?" என்று என்னிடமே கேட்டார். நாலு மணிக்கு வருவார். பிளேன்ரீ கொடுத்து, விளக்கம் சொல்லி அனுப்புங்கள். அவருக்கு இங்கே வேலை இல்லை. கீழ்வீட்டு டில்ஷானியின் லப்டொப்போடு கேபிளால் தொடுத்து, நானே அதை எழுப்பிவிட்டேன். வினாத்தாள் ஒன்றும் அழியவில்லை.

சோறும் மீன் குழம்பும் அடுப்படியில். அப்பளத்தை நீங்களே பொரியுங்கள். பொரித்த பிறகு பழையபடி ஆக்கப் பார்க்காதீர்கள்.

பேர்ணடெற்

வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பை டில்ஷானியிடம் கொடுங்கள். அந்தோனியாருக்குப் பின்னால் வைக்க வேண்டாம்.

இன்னொன்று: காலையில் அவருக்கு இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்று லப்டொப்புக்கு, மற்றது உங்களுக்கு. லப்டொப்புக்குக் கொளுத்தியது உடனே பலித்தது. உங்களுக்காகத்தான் இப்போது அவருடைய கொச்சிக்கடைக் கோயிலுக்கே போகிறேன்.