மூன்றாம் மதகில் காத்திருக்கும் பெயர்

"என் கையை நம்பாத மொழியை நீ நம்பிவிட்டால், கோதை, அப்புறம் என்னை எதற்கு நம்புவாய்?" என்று திருக்கண்டன் ஒருநாள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்காத காரணத்தால் இவ்வோலை எழுதப்படுகிறது.

பேராறு பாயும் வெண்டுறை நாட்டின் அரசி அல்லியங்கோதைத் தேவியார், வடதுறைக் காவலர் நாகமாறனார்க்கு விடுக்கும் திருமுகம். தங்கள் கரை உடையாதிருக்க. தங்கள் படகுகள் புறப்பட்ட துறைக்கே திரும்புக.

எம் பேரணையின் மதகுகளை எந்திரமே திறக்கிறது என்பது தாங்கள் அறிந்ததே. எந்திரத்தினுள் குழிகள் வரிசையாக உள்ளன. நீர்மட்டத்துக்கு ஏற்ப ஒரு குழியில் மணிகள் விழும். ஓலையில் எழுதிய ஏவல் அம்மணிகளை எண்ணிக் கதவை உயர்த்தும். அவ்வேவல்களை எழுதும் பழைய மொழி வல்லேவல். எழுதுபவன் சொன்னதை மறுபேச்சின்றிச் செய்யும்; கண் இமைக்கும் முன் செய்யும். அதில் திருக்கண்டனுக்கு நிகரானவர் இல்லை. தேவியார் முடிசூடும் முன்னர் அவருடன் ஒரே பலகையில் அமர்ந்து அம்மொழியைக் கற்றவர். தேவியாரைப் பெயர் சொல்லி அழைக்க இந்நாட்டில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே.

சென்ற மழையில் நேர்ந்தது இது. குழிகள் அரண்மனைப் பணிகள் அனைத்துக்கும் பொது. மூன்றாம் மதகுக்காகப் பெற்ற குழியைத் திருக்கண்டனின் ஏவல் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தது. கோயில் விளக்குக்கான எண்ணெய்க் கணக்கு அதில் குடியேறியது. திருப்பிக் கொடுத்ததை மறந்த ஏவலோ மறுபடியும் அதே குழியை எட்டிப் பார்த்து, எண்ணெயின் அளவை நீரின் அளவென்று எண்ணிக் கதவை முழுவதும் தூக்கிவிட்டது. நெசவாளர் தெருவில் தறிகள் மிதந்தன. ஒரு தொட்டிலும் மிதந்தது. பிள்ளை அப்போது தாயின் இடுப்பில் இருந்தது என்பதே தேவியார்க்கு இன்றுவரை உள்ள ஆறுதல்.

அதன்பின் காப்பேவல் என்னும் புதுமொழி அவைக்கு வந்தது. ஒரு குழிக்கு ஒருவரே உடையவர். இரவல் வாங்கியவர் உடையவர் போகும் முன் திருப்பித் தரவேண்டும். இதில் ஐயம் இருந்தால் ஏவலை எந்திரத்தருகே கொண்டுசெல்லவே அம்மொழி விடாது. திருக்கண்டன் அதற்கு மாமியார் மொழி என்று பெயரிட்டார். "உட்கார்ந்தால் குற்றம், எழுந்தால் குற்றம்! கதவு திறப்பதற்குள் ஆறே வற்றிவிடும்" என்று அவர் நடித்துக் காட்டியபோது அவையே சிரித்தது, தேவியாரும் சிரித்தார். சிரித்து முடித்தபின், "மாமியார் திட்டினால் நமக்குத்தானே, கண்டா, வருத்தம், தொட்டிலுக்கு இல்லையே" என்றார். அதற்குமேல் திருக்கண்டன் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. புதுமொழியில் எழுதத் தாமதமாகிறது, கற்றவர் சிலரே. ஆயினும் சோதனை எல்லாம் எழுதும்போதே முடிந்துவிடுவதால், கதவு பழைய விரைவிலேயே திறக்கிறது. ஆகவே, நெடுங்காலம் பிழையின்றி ஓடிய மதகுகளில் வல்லேவலே நீடிக்கவும், மூன்றாம் மதகும் இனி எழுதும் யாவும் காப்பேவலில் அமையவும் தேவியார் தீர்ப்பளித்தார். தீர்ப்பைச் சொல்லும்போது அவர் திருக்கண்டன் அமர்ந்திருந்த பக்கம் பார்க்கவில்லை.

காப்பேவலில் ஒரு வழக்கம் உண்டு. காவலுக்கு அடங்காத நுட்பமான வேலைக்கு ஓர் இடம் ஒதுக்கி, இதற்கு நானே பொறுப்பு என்று எழுதுபவர் தம் பெயரை இட்டால், அவ்விடத்தில் மட்டும் மொழி அவர் கையை நம்பும். மூன்றாம் மதகின் ஏவலில் அத்தகைய இடம் ஒன்றைத் தேவியார் தம் கைப்பட அமைத்து, பெயரிடாமல் விட்டிருக்கிறார். மழைக்கு முன் திருக்கண்டன் வந்து அதில் பெயரிடுவார் என்று அந்தி தோறும் அணைமேல் நடக்கிறார்.

அவர் பணி துறந்து வடக்கே செல்வதாகக் கேள்வி. பணி துறப்பவர் தம் எழுத்தாணியை அரண்மனை வாயிற்கல்லில் வைத்துச் செல்வது எம் மரபாதலின், தங்கள் துறைக்கு அவர் வெறுங்கையுடன் வரக்கூடும். அவரைத் தடுக்கவேண்டா, விசாரிக்கவும் வேண்டா. நல்ல படகு தருக. ஏறும்போது, மூன்றாம் மதகில் ஓர் இடம் பெயரின்றி இருக்கிறது என்று மட்டும் சொல்லுக. இது ஆணை. இணைகயல் இலச்சினை இதற்குச் சான்று.

இலச்சினைக்குக் கீழே எழுதியது: அரக்கு காயும் முன் திருக்கண்டனே வந்தார். தேவியார் இவ்வோலையை அவரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே படித்தார், பெயரிடாத இடம் பற்றிய வரிக்கு மீண்டும் போய் அங்கேயே நின்றார். பின் ஓலையைத் திருப்பித் தந்து, படியிறங்கிப் போனார். வாயிற்கல்லைப் பார்த்துவரத் தேவியார் ஆள் அனுப்பவில்லை; தாமே சென்றார். கல்லின்மேல் எழுத்தாணி இல்லை.