கண்ணாடியா, தகடா?

மார்ச் 3, செவ்வாய்

வீட்டின் பின்பக்கம் கம்பம் நட்டாகிவிட்டது. கூடைப்பந்து வளையமும் வந்துவிட்டது. வளையத்துக்குப் பின்னால் நிற்கிற பலகை எதில் என்பதுதான் பாக்கி. வெல்டிங்காரர் பிளைவுட் போதும் என்கிறார். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் அக்ரிலிக் என்கிறார். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி அறுக்கிறவன் வீட்டில் பிளைவுட்டா? பார்க்கிறவன் சிரிப்பான். பெரிய ஆட்டங்களில் எல்லாம் கண்ணாடிதான். பந்து பட்ட வேகத்தில் திரும்பும்.

மகள் பள்ளி அணியிலிருந்து விலகி ஒரு மாதம். "பந்து மூஞ்சிகிட்ட வர்ற வரைக்கும் தெரியலப்பா" என்றாள். கண் டாக்டர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 4, புதன்

எழுதித் தொலைக்கிறேன். விழித்திரை. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வருமாம், மருந்து கிடையாதாம். பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட நேருக்கு நேரா சொல்றான் அந்த ஆளு! அவன் என்ன கடவுளா?

மார்ச் 11, புதன்

பன்னிரண்டு மில்லிமீட்டர் டஃபண்ட் கண்ணாடிக்கு, சூளையில் சுட்டு உரமேற்றியதற்கு, ஆர்டர் கொடுத்துவிட்டேன். சூளைக்குப் போய்வந்த கண்ணாடியை அப்புறம் அறுக்கவும் முடியாது, ஒரு துளை போடவும் முடியாது. அதனால் மூன்று தடவை அளவெடுத்தேன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி. இதில் கேட்க என்ன இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

மாட்டியாயிற்று. துடைத்துத் துடைத்து, கண்ணாடி இருப்பதே தெரியாதபடி வைத்தேன். இருப்பது தெரிந்தால் வேலை சுத்தமில்லை — தொழில் புத்தி.

மகள் கோட்டில் நின்று பத்து தடவை எறிந்தாள். ஒன்றுகூட விழவில்லை. மூன்று, பலகையையே தாண்டிப் போயின.

"வளையம் மட்டும் அந்தரத்துல தொங்குதுப்பா. பின்னாடி வெறும் வானம்தான்."

"வெயில் கூசுதும்மா, அதான்" என்றேன். வெயிலே இல்லை. வெள்ளைப் பலகை கேட்கத்தான் நினைத்திருந்தாளாம். "நீங்க அவ்ளோ ஆசையா இருந்தீங்க, அதான் சொல்லல."

மூணு தடவை அளந்தியே, ஒரு தடவை அவளைக் கேட்டியாடா? செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு.

மார்ச் 24, செவ்வாய்

கண்ணாடியின் பின்பக்கம் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன், குளியலறை ஜன்னலுக்கு ஒட்டுவது. சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ட். பத்துக்கு நாலு விழுந்தது! பார்த்தியா, டாக்டருக்கு என்ன தெரியும் என்று குதித்தேன். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 18, சனி

மறுபரிசோதனை. நினைத்ததைவிட வேகமாக இருட்டுகிறதாம். "இன்னும் எவ்ளோ நாள் டாக்டர்?" — கேட்டது மகள்தான், நான் இல்லை. ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு.

பஸ் படியில் இடறினாள். கை கொடுத்தேன், தட்டிவிட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

பட்டறைக்கு வந்து நின்றாள். "அப்பா, கண்ணாடியக் கழட்டிட்டு இரும்புத் தகடு போடுங்க."

"ஏம்மா? வெள்ளைதான் நல்லா தெரியுதே?"

"இப்ப தெரியுது. கண்ணாடியில எங்க பட்டாலும் எனக்கு ஒரே தொம்முனுதான் கேக்குது. தகடுன்னா நடுவுல ஒரு மாதிரி, ஓரத்துல ஒரு மாதிரி கேக்கும். இப்பவே போட்டா காது பழகிடும். அப்புறம் மறுபடி மாத்த வேணாம்."

அப்புறமாம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! நான் இன்னும் வராது வராது என்று முரண்டு பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் அது வந்த பிறகு என்ன செய்வது என்று யோசித்து முடித்துவிட்டாள். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மே 10, ஞாயிறு

தகடு மாட்டியாயிற்று. காதைப் பிளக்கிறது. "என்ன சார், பாத்திரக் கடை வைக்கிறீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மகள் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். எறிந்துவிட்டு, எங்கே பட்டது என்று அவளே சொல்வாள். சரியா தப்பா என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

"நடு?" என்றாள். பட்டது வலது ஓரத்தில். "ஆமாம்மா, நடுதான்" என்றேன். அடுத்ததும் தப்பு. "சரிதாம்மா" என்றேன். மூன்றாவதுக்கும் அப்படியே சொன்னதும் கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகம் பார்வைக்குள் வரத் தலையைக் கொஞ்சம் திருப்பினாள்.

"பொய்தானே சொல்றீங்க? இப்படிச் சொன்னா நான் எப்பப்பா கத்துக்குவேன்?"

அவள் மறுபடி கட்டிக்கொண்டு எறிந்தாள்.

"நடு?"

"இல்லம்மா. இடது ஓரம். கீழ."

பந்தை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன்.