இளநீர் மாதிரிக் கிணறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவின் முழங்கால் எப்படி? நான் சுகம்.

கடல் ஏறிக் கிணறுகள் உப்பானால் இலங்கையில் எந்த ஊர்களுக்குக் குழாய்நீர் கொடுப்பது என்று ஒஸ்லோவில் எங்கள் அலுவலகம் திட்டம் போடுகிறது. ஆய்வுக்கு வந்தவர்களிடம், "எங்கட கிணறு இளநீர் மாதிரி" என்றீர்களாம். ஊர் முழுக்க இதே பதிலாம். கிணறு உவர் என்றால் தங்கச்சியின் சீதனக் காணியை எவன் ஏற்பான் என்ற பயம் உங்களுக்கு. நம் ஊரையே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். "அதிர்ஷ்டக்கார ஊர்" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன்.

போனில் கேட்டால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அம்மாவோ, "தேத்தண்ணியும் உவர்க்குது, பிள்ளை" என்கிறார்.

இந்த மாதம் திட்டத்தை முடிக்கிறார்கள், அதற்குள் அத்தாட்சி காட்டினால் நம் ஊரைத் திரும்பச் சேர்க்கலாம். கடிதம் கொண்டுவரும் எலியாஸ் மாமா அடுத்த வாரம் இங்கே திரும்புகிறார், அவரிடம் மிளகாய்த்தூளும் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள். தனியாகச் சமைத்தால் ஒன்றும் இறங்குவதில்லை. பஸ் தரிப்பிடத்தில் இருந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. போத்தலில் உங்கள் கையால் "உவர்" என்று எழுதி, பெயரையும் போடுங்கள், அப்பா.

பிரியந்தினி