அந்தச் சிவப்புக் கார் உங்களுடையது அல்ல

அன்பு குறையாத, ஆனால் இந்தக் கிழமையோடு பொறுமை தீர்ந்துபோன மகளிடமிருந்து, அப்பாவுக்கு.

நீங்கள் போய் முப்பத்தொரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களை ஒரு சிவப்புப் பந்தயக் காரில் ஏற்றிவிட்டார்கள். தம்பியின் மகள் மாயா கணினியிடம் சொல்லிச் செய்வித்த படம். தலையில் தோல் தொப்பி, கழுத்தில் மாலை, பின்னால் பனி மூடிய மலை. யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஐம்பதுகளில் எந்தப் பனிமலைக்குக் கார் ஓட்டிப் போனான் என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கப்போகும் உங்கள் நினைவுப் புத்தகத்துக்கு, அந்தக் கல்வெட்டுக்கு, இதுதான் அட்டை.

"மாயா, அப்பப்பாவுக்கு ஒரு கையில எத்தினை விரல்?" என்று கேட்டேன்.

எண்ணிப் பார்த்தாள். "ஓ மை காட், சிக்ஸ்! மாமி, தட்ஸ் ஸோ ஈஸி டு ஃபிக்ஸ்."

ஒரு விரலை எடுத்துவிட்டாள். காரையும் எடு என்றேன். அதற்குத் தன் அப்பா விடமாட்டார் என்றாள். உங்கள் மகன் பக்கத்து அறையிலிருந்தே குரல் கொடுத்தான்: "அக்கா, ஆர் இப்ப மொடல் பாக்கப்போகினம்? அந்தக் காலத்து ரேசிங் கார் எல்லாம் உப்பிடித்தானே."

உப்பிடி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் என் பிரச்சினை.

பல்கலைக்கழகம் போனவள் என்பதால் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஞாயிறு காலைகளில் மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் வெறும் பார்க்கிங் லொட்டில் எனக்குக் கார் பழக்கினீர்கள் அல்லவா? அங்கேதான் உங்கள் கார்களைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

முதல் கார் உங்களுடையதே அல்ல. உங்கள் அம்மான் வாடகைக்கு, ஹயருக்கு, ஓடிய ஏ40. அதன் பின் சீற்றைக் கழற்றி வைத்துவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பகல் முழுவதும் ஓட்டி மலைநாட்டுக்குப் போனீர்கள். அங்கே மலைப் பாதையில் ஒவ்வொரு காராக மேலே விட்டு நேரம் பார்க்கும் போட்டி. மற்றவர்கள் வளைவுகளில் சறுக்கிச் சறுக்கி ஏறினார்கள். நீங்கள்?

"திங்கக்கிழமை அது ஹயருக்கு ஓடவேணும் பிள்ளை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னம் வடிவாப் பிறேக் பிடிச்சனான்."

கடைசியாக வந்தீர்கள். அடுத்த வருடமும் அதே கார், அதே மலை, அதே இடம்.

இரண்டாவது, நீங்களும் ஒரு சிநேகிதரும் பழைய இரும்பு விலைக்கு வாங்கிய சின்னக் கார். மேற்கூரையை வெட்டி எறிந்துவிட்டுத் தகரம் அடித்தீர்கள். பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடந்த பந்தயத்தில், பாதி ஓட்டத்தில் எஞ்சினை மூடும் பொனற் திறந்து உங்கள் கண்ணை மறைத்தது. புல்லுக்குள் இறக்கி நிறுத்தினீர்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது, உங்கள் சொந்த மொறிஸ் மைனர். அதைப் பந்தயத்தில் ஓட்டவேயில்லை. வாங்கிய வருடம் ஐம்பத்தெட்டு. தெற்கில் தமிழரை அடித்த அந்த வருடக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் காரைக் கொண்டுபோக மனம் வரவில்லையா? பயமா? கோபமா? அல்லது கடைசியாக வந்து வந்து அலுத்துவிட்டதா? கேட்டேன். "றேஸ் முடிஞ்சுது. இப்ப சிக்னலைப் போட்டுத் திருப்பு" என்றீர்கள். இன்னும் எனக்குத் தெரியாது.

இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். தம்பி வாசித்தான்.

"அக்கா, உது வாழ்க்கைக் குறிப்போ, கம்ப்ளெயின்ற் லெற்றரோ?"

"நடந்தது அதுதானே."

"அப்பா சாம்பியன் எண்டு யூனியன்வில்லில இருந்து மிசிசாகா வரைக்கும் சனத்துக்குத் தெரியும். கடைசியா வந்தவர் எண்டு போட்டா சிரிப்பினம்."

அப்பா, அந்தச் சாம்பியனை உருவாக்கியது நீங்கள் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலியாண வீடுகளில் யாராவது "அங்கிள் அந்தக் காலத்துச் சாம்பியன் எல்லே" என்று தொடங்கினால், தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துச் சிரிப்பீர்களே. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இவ்வளவு கோபம். ஒருதரம் "இல்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஸ்டீல்ஸ் வீதியில் உங்கள் காரைப் பள்ளிக்கூட பஸ் முந்திக்கொண்டு போகும். அதைப் பார்த்த பிறகும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையே!

கல்வெட்டுக்குப் பாட்டு எழுதித் தரும் அங்கிளுக்கு அழைத்துப் பார்த்தேன். "வென்றவர் தமையும் வென்று விரைந்தவர்" என்று ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். நீங்கள் ஒருவரையும் வெல்லவில்லை என்று விளக்கினேன்.

"பிள்ளை, 'வென்று' எண்டதை எடுத்தா எதுகை போயிடும். செத்த மனிசனுக்கு ஒரு வெற்றியைக் குடுத்தாக் குறைஞ்சோ போவம்?"

தம்பி கடைசியில் வழக்கை அம்மாவிடம் கொண்டுபோனான். அம்மா தன் பக்கம்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து முதலில் நான் எழுதியதையும் பிறகு தான் அதை மாற்றி எழுதியதையும் வாசித்தான். அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"முதல் வாசிச்சதுதான் சரி" என்றார்.

"அம்மா! அப்பா உங்களுக்குச் சொல்லேல்லையோ, கப் வெண்டவர் எண்டு?"

"கொப்பர் ஒண்டும் சொல்லேல்லை. கலியாணம் பேச வந்த தரகர் சொன்னவர். எங்கடை அண்ணை அந்த மலையில நிண்டு பாத்தவர். கடைசியா வந்தவர் எண்டு எங்கடை வீட்டில எல்லாருக்கும் தெரியும்."

"பிறகேன் கலியாணத்துக்கு ஓம் எண்டனீங்கள்?"

"இரவல் காரை ஒரு கீறல் இல்லாமத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்த பெடியன், நம்பிப் பொம்பிளை குடுக்கலாம் எண்டு அண்ணை சொன்னார்."

"இதை அப்பாட்டைச் சொன்னனீங்களோ?" என்று நான் கேட்டேன்.

"சீ. ஏன் சொல்லுவான்? ஆக்கள் சாம்பியன் எண்டு சொல்லேக்கை அவற்றை முகம் மலர்ந்திருக்கும். அதைக் கெடுப்பனே?"

எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே முட்டுவது என்று தெரியவில்லை, அப்பா. அம்மா நம்புகிறார் என்று நினைத்தா நீங்கள் வாயைத் திறக்கவில்லை? உங்கள் முகத்துக்காக அம்மா திறக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரு வாழ்நாள் முழுவதும் இரண்டு பேரும் ஒரு பொய்யை ஒருவருக்காக ஒருவர் சுமந்திருக்கிறீர்கள். ஒருவர் இருமினால் மற்றவருக்குப் புரியும் என்று உங்களைப் பற்றிச் சனம் சொன்னதே!

சரி, தீர்ப்பு வந்துவிட்டது, அட்டையை மாற்று என்றேன். தம்பி கைபேசியைப் பார்த்தபடி சொன்னான், "அச்சுக்குப் போயிட்டுது அக்கா. நேற்றே அனுப்பிட்டன்."

நான் கத்தினேன். நான் கத்தி நீங்கள் கேட்டதில்லை. அவன் திருப்பிக் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்பா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை அக்கா," என்றான். "உங்களுக்குத்தான் எல்லாம் சொன்னவர். நான் கேட்டா, போய்ப் படியடா எண்டுவார். ஏ40 எண்ட சொல்லையே உங்கடை குறிப்பிலதான் முதல் பாத்தனான்."

அவனுக்கு ஏன் சொல்லவில்லை, அப்பா? மகனிடம் கடைசியாக வந்தேன் என்று சொல்ல வெட்கமா? நீங்கள் வெறுமையாக விட்டுப்போன இடத்தில் அவன் ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். வேறு எதை நிறுத்துவான்?

கல்வெட்டை இனித் திருத்த முடியாது. அந்தியேட்டி அன்று மண்டபத்தில், சாப்பாட்டுக்கு முன்பு, நடந்ததைச் சொல்ல மைக்கை என்னிடம் தரச் சொல்லியிருக்கிறேன். அலுவலகக் கூட்டங்களில்கூட வாயைத் திறக்காமல் பிறகு மின்னஞ்சல் அனுப்புகிறவள் நான். "நீ சொல்லு பிள்ளை, நான் முன்னுக்கு இருக்கிறன்," என்கிறார் அம்மா.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வரும் சனிக்கிழமை தம்பியை என் காரில் ஏற்றிக்கொண்டு போய், மலையையும் வளைவுகளையும் கண்ணை மறைத்த பொனற்றையும், எனக்கு ஞாபகம் இருக்கிற கடைசிச் சொல்வரை அவனுக்குச் சொல்லப்போகிறேன். மண்டபத்துச் சனத்தோடு சேர்ந்து இருந்து அவன் அதை முதல் தரம் முழுதாகக் கேட்கக்கூடாது. அவன் விரும்பினால் மைக்கை அவனிடமே கொடுத்துவிடுவேன். உங்கள் கதையை உங்கள் மகன் சொல்லட்டும். நான் பக்கத்தில் நிற்பேன். இது வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்,
உங்கள் மகனுக்கு அக்கா.