புருசன் பெயரைச் சொன்ன ஒருத்திக்கு

என் உயிரான பேச்சி மைனிக்கு,

நீ போய் வருசம் ஒன்று ஆகிவிட்டது. உப்பளத் தொழிலாளர் சங்கத்தார் உன் நினைவாக ஒரு மலர் போடப்போகிறார்களாம். "நீங்கதான் கூடவே இருந்தவுக, அஞ்சாப்பு வேற படிச்சிருக்கீக, நாலு வரி எழுதிக் குடுங்க" என்று வந்து கேட்டார்கள். நாலு வரியில் உன்னை அடக்க என்னால் ஆகாது. உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்வதைவிட உனக்கே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அட்டையில் உன்னை 'வீரத்தாய்' என்று போடுகிறார்கள். நீ உடைமரக் காட்டில் விறகு வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்த நாளில் யாரும் உன்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் நீ திரும்பியா பார்க்கப்போகிறாய்?

அந்தப் புத்தகம் உனக்கு மறந்திருக்காது. மாதா கோயிலில் அமெரிக்கப் பால்பவுடர் கொடுத்த அன்றைக்கு, வரிசையில் நின்றவர்களுக்குச் சும்மா கொடுத்த தமிழ்ப் புத்தகம். மற்றவர்கள் கிழித்து அடுப்புப் பற்றவைத்தார்கள். நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மத்தியானம் உப்புக் குவியலின் ஓரத்தில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு நாம் பழைய சோறு சாப்பிடும்போது உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

நூறு வருசத்துக்கும் முன்னால், அமெரிக்காவில் நூல் மில்லுகள் புதிதாக வந்த காலம். கிராமத்துப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், விடியலில் இருந்து விளக்கு வைக்கிற வரை வேலை. பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் கேட்டு அந்தப் பெண்களே மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்கி வாங்கித் தாளோடு தாளை ஒட்டிச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு ஓட்டே கிடையாது என்று நான் வாசித்ததும் நீ சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டாய்.

"ஓட்டு இல்லாதவளுக பேச்ச எவன் கேப்பான்?" என்றாய்.

விசாரிக்க வந்தவர்கள் மில்லைச் சுற்றிப் பார்த்தார்கள். ஜன்னலில் பூச்செடி இருந்தது, முற்றத்தில் புல் பச்சையாக இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சட்டசபை செய்ய இதில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். விசாரணைக்குத் தலைவராக இருந்தவரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க அந்தப் பெண்கள் கிளம்பினார்கள். ஓட்டு உள்ள ஆண்களிடம் பேசினார்கள். அவர் தோற்றும் போனார். இதைக் கேட்டு நீ சிரித்தாய். "ஏளா இசக்கி, நமக்கு ஓட்டு இருக்குல்லா? அப்ப நாம அவளுகள விட ஒரு படி மேலதான்."

இன்னொன்றும் கேட்டாய். மில்லுக்கு வந்த பஞ்சைத் தெற்கே அடிமைகள் பறித்தார்கள் என்று ஒரு வரி வந்தது. அடிமைத்தனம் கூடாது என்ற மனுவிலும் அந்தப் பெண்களில் சிலர் கையெழுத்துப் போட்டார்கள் என்று அடுத்த வரி. "பஞ்சு பறிச்சவ பேரு எந்த மனுவுலயாவது இருந்துச்சா?" என்றாய். புத்தகத்தில் அது இல்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வாரமே சர்க்காருக்கு மனு எழுதினோம். நீ சொன்னாய், நான் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்கு அப்போதே பெருமைதான். கேட்டது என்ன பெரிதாக? உச்சி வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை, குடிக்க ஒரு பானை நல்ல தண்ணீர். கீழே பெயர் எழுதும்போது நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆள் கணக்கு எழுதுகிற மஸ்டர் நோட்டில் நம்மில் ஒருத்திக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சுடலைமுத்து பெஞ்சாதி, வெள்ளைச்சாமி பெஞ்சாதி என்றுதான் இருக்கும். அமெரிக்காக்காரிகள் சொந்தப் பெயரைப் போட்டார்கள், நாமும் போடுவோம் என்றேன். பேச்சியம்மாள் என்று முதலில் எழுதி, பக்கத்தில் உன் கைநாட்டை வாங்கினேன். மொத்தம் இருபத்திரண்டு பேர்.

எல்லாம் முடிந்ததும் நீ தாளை வாங்கி உற்றுப் பார்த்தாய். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனாலும் நான் விரலில் மை தொடவில்லை என்று கவனித்திருக்கிறாய். "ஏளா, இதுல உன் பேரு எங்க?" என்றாய்.

எங்கள் வீட்டுக்காரர் அந்த அளத்தில் கங்காணி. உனக்குத் தெரியாததா? மனு எழுதினதே நான்தானே என்று சொல்லிச் சமாளித்தேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விசாரிக்க ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் முதல் நாளே கொட்டகை முளைத்துவிட்டது. பச்சை ஓலை வாசம் மாறாத கொட்டகை, ஈரமணலில் பானை, பானைக்குள் வெட்டிவேர். ஆபீசர் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார், நல்ல குளிர்ச்சியாக இருக்கிறதே என்றார். நீ என் காதோரம் வந்து, "பூச்செடி வந்துட்டு, பாத்தியா?" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு கணக்கப்பிள்ளை மஸ்டர் நோட்டை விரித்தார். மனுவில் உள்ள பெயரில் யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்றார். ஆபீசர் கைநாட்டு வைத்தவர்களை வரிசையில் நிறுத்தி, நோட்டில் யார் பெண்டாட்டி என்று இருக்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

கட்டினவர் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கம் நம்மிடம் உண்டா? வெள்ளைச்சாமி பெண்டாட்டி உப்பைக்கூட வெள்ளை என்று சொல்லமாட்டாள், பால் நிறம் என்பாள். ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் பக்கத்தில் நிற்கிறவள்தான் எடுத்துச் சொல்லுவாள். அன்றைக்கும் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஓரமாக நின்ற என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அத்தனை பேர் புருசன்மார் பெயரும் தெரியும். உன் புருசன் என் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு என்ன தடை?

தடை ஆபீசருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லியிருந்தார்: "எழுதுனது எழுதிட்ட. அங்கன வந்து வாயத் தொறந்தன்னா நாளைக்கு நம்ம அடுப்பு எரியாது."

நான் தரையைப் பார்த்தேன்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். மனுவை மடிக்கப் போனார். அப்போது நீ ஒரு எட்டு முன்னால் வந்தாய். "சுடலைமுத்து. எம் புருசன் பேரு சுடலைமுத்து. நான் பேச்சியம்மா."

இருபத்திரண்டு பேரில் ஒருத்தி மட்டும் வேலைக்காரி என்று முடிவானது. ஒரு ஆளுக்காகக் கொட்டகை எதற்கு, அதுதான் இருக்கிறதே என்று ஆபீசர் போய்விட்டார். சாயங்காலமே ஓலையைப் பிரித்தார்கள். மறுநாள் மஸ்டரில் ஒரே ஒரு பெயரை அடித்திருந்தார்கள். மற்ற இருபத்தொரு பேரை அடிக்க வழியில்லை. அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்களே.

அண்ணன் மட்டும் உன்மேல் கோபப்படவில்லை. "எம் பேரு என்ன கெட்ட வார்த்தையா? சொன்னா சொல்லிட்டுப் போறா" என்றான். ஊர் அப்படி விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், பேர் சொன்னவ வாரா என்று குடத்தை நகர்த்தி வைத்தார்கள். உன்னால் தப்பித்தவளுகளும் நகர்த்தினார்கள். பக்கத்து அளங்களிலும் உனக்கு வேலை இல்லை. நீ விறகுக்குப் போனாய்.

தேர்தல் வந்தது. ஓட்டு இருக்கிறதே, ஒருத்தனையாவது தோற்கடிப்போம் என்று கிளம்பினாய். இரண்டு கட்சி வேட்பாளரும் மத்தியானச் சாப்பாட்டை நம் அளத்து முதலாளி வீட்டில்தான் சாப்பிட்டார்கள். விறகுக் கட்டை என் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "ஏளா, இதுல எவனத் தோக்கடிக்க?" என்று கேட்டாய். இதைக் கேட்டாயே, நான் ஏன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று மட்டும் சாகிற வரை நீ கேட்கவே இல்லை. கேட்டுத் திட்டியிருந்தால் இந்தப் பாரம் பாதியாவது குறைந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் உங்களுக்கு வாசிக்கவில்லை. விசாரணைக்காரர் தோற்றார் என்ற இடத்தில் உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? தோற்றவர் அடுத்த வருசமே ஜெயித்து வந்துவிட்டார். பத்து மணி நேரச் சட்டம் வர ஏறக்குறைய முப்பது வருசம் ஆனது. மனுப்போட்ட பெண்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்தார்களோ.

இதை வாசித்திருந்தால் நீ அந்த ஒரு எட்டை முன்னால் வைத்திருப்பாயா? வைத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தெரிந்து வைத்திருப்பாய். தெரியாமல் வைக்கவிட்டது நான். அஞ்சாப்புப் படித்த பவுசு இதற்குத்தான் உதவியது.

புதுத் துறைமுகம் வந்துவிட்டது, மைனி. எவ்வளவு பெரிய கப்பலெல்லாம் வருகிறது. அளத்தில் மட்டும் ஒரு நிழல் வரவில்லை. நான் சுமக்க மாட்டாமல் அங்கேயே சாக்குத் தைக்கிறேன். உன் மகள் செல்லத்தாய் உப்புப் பெட்டி சுமக்கிறாள். மஸ்டரில் அவளும் ஒருத்தன் பெஞ்சாதிதான். போன வாரம் வீட்டுக்கு வந்தாள். கொட்டகையும் தண்ணீரும் கேட்டு மனு எழுத வேண்டுமாம். நீ கேட்ட அதே இரண்டு. எழுந்து போகும்போது சொன்னாள், "அத்த, எழுதி மட்டும் தாங்க. இந்த மட்டமும் நீங்க பேரு போடாட்டி பரவால்ல."

உன் மகளேதான். உன்னைப் போலவே குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

அவர்களுக்கு முதலில் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். கேட்ட பிறகும் கைநாட்டு வைக்கிறவர்கள் வைக்கட்டும். முதல் பெயர் என்னுடையது. யார் வந்து வரிசையில் நிறுத்தினாலும் ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் நின்று அவள் புருசன் பெயரை நான் சொல்வேன். என் முறை வரும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இதை எங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். இருமலோடு கட்டிலில் கிடக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். படுக்கட்டும். கலியாணம் ஆனதில் இருந்து இந்தப் பெயரை நான் சொன்னதும் இல்லை, எழுதினதும் இல்லை. எழுத்து முத்து முத்தாக வரவில்லை, பொறுத்துக்கொள்.

இசக்கியம்மாள்,
புருசன் பெயர் ஆறுமுகம்,
பேச்சியம்மாளின் நாத்தனார்.