மேகம் நின்ற நாள்

அக்கா,

இன்று மத்தியானம் கடல் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதுமே கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போனது. பாதியில் நின்றும்விட்டது. மாடியில் இப்போது யாரும் இல்லை, எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியும் ஓடவில்லை. நீங்கள் தவறிவிட்டதாக உங்கள் தம்பி போன் செய்து எட்டு மாதம் ஆகிறது.

பொத்தேரியில் நாங்கள் வீட்டுக்கு மாடி கட்டிய புதிதில் வாடகைக்கு வந்தீர்கள். காலேஜில் பாடம் நடத்தும் மதுரைக்காரம்மா என்றார்கள். கொண்டுவந்தது ஒரு பாய், இரண்டு சூட்கேஸ், காலேஜ் கொடுத்த கம்ப்யூட்டர். ஹாஸ்டல் சமையல்கட்டில் காலை வேலை முடித்து நான் வரும்போதெல்லாம் அது மேலே உறுமிக்கொண்டிருக்கும்.

“இன்னாக்கா பண்ணுது இது, ராவும் பகலும்?”

“மேகம் செய்யுது, கன்னிம்மா.”

வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகமாம். அதன் வெளிச்சக் கணக்கு மட்டும்தான் இங்கே வந்து சேருமாம். அடுப்பு மாதிரிக் கொதிக்கும் அந்த இடத்தில் மேகம் எப்படிக் கூடும் என்று பெட்டி கணக்குப் போடுகிறதாம்.

“அங்க மழ பேயுமா?”

“பெய்யும். இரும்பு உருகிச் சொட்டும்.”

“அப்ப கொடைல கம்பிகூட மிஞ்சாது.”

நீங்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

அந்த ஐப்பசியில்தான் நான் அதைச் செய்தேன். கணக்கு ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் காலேஜில் இருந்தீர்கள். முந்தின வருஷம் பக்கத்து வீட்டு டிவி மின்னலில் போனதிலிருந்து, இடி கேட்டால் மெயினை இறக்கிவிடுவது எங்கள் தெரு வழக்கம். இறக்கினேன். பெட்டியோடு இருந்த பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்குமாம். நான் மழை விட்டு, வாசல் தண்ணீரைத் தள்ளிவிட்ட பிறகுதான் மெயினைப் போட்டேன்.

நனைந்துகொண்டு வந்து மேலே ஏறினீர்கள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். திட்டவில்லை.

“மாசக் கடைசிக்குள்ள முடிவு காட்டலைன்னா பெட்டியத் திருப்பிக் கேப்பாங்க. அப்புறம் இந்த வேலையே எனக்கு இல்ல.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட விட்டீர்கள். இந்தத் தடவை, கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்திருந்தீர்கள். “நீங்க வேலைக்கிப் போங்க, நான் காவ இருக்கேன்” என்றேன். அப்போது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே பாடு, ஆனால் நம்பர் தெரியும். திரையின் கடைசி வரி நம்பரைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைக்கச் சொன்னீர்கள். அது ஏறும், இறங்கும், திடீரென்று குதிக்கும். நானும் விடாமல் குறித்தேன்.

பதினோராம் நாள், வேலை முடித்து வந்து பார்த்தால் காலையில் எழுதிய அதே நம்பர். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், அதே நம்பர். மூன்று மணிக்கும் அதேதான். தாளைப் பிடித்துக்கொண்டு காலேஜ் கேட்டுக்கு ஓடினேன்.

“அக்கா, நின்னுபூட்ச்சு. காலைலேர்ந்து அதே நம்பரே கீது. நான் ஒண்ணும் தொடல, சத்தியமா தொடல.”

தாளை வாங்கி, விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தீர்கள். பிறகு வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க என்னைக் கட்டிக்கொண்டீர்கள்.

“நிக்கணும்னுதாண்டி இத்தன நாளா ஓட்டுனேன். மேகம் கூடிடுச்சு.”

பெட்டி உங்களிடமே இருந்தது. வேலையும்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனீர்கள். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்னும்போது மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“நின்னுட்ச்சுன்னா, செத்துட்ச்சுன்னுதானக்கா அர்த்தம்?”

“இல்ல கன்னிம்மா. உள்ள துளி விழுந்துகிட்டேதான் இருக்கும். விழுற அளவுக்குப் புதுசும் கூடிக்கிட்டே இருக்கும். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு நின்ன மாதிரி.”

ஹாஸ்டலில் இப்போது எல்லாரும், கன்னிம்மா தேறிட்டா, பழையபடி பேசிச் சிரிக்கிறா என்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. அவர்கள் பார்ப்பதும் பொய்யில்லை. உள்ளே விழுவது விழுந்துகொண்டுதான் இருக்கிறது, அக்கா. கூடுவதும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

கன்னியம்மாள்