நான்கு நிமிட நடை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் நலம், முழங்காலைத் தவிர. போனில் சொல்லியிருக்கலாம், குரல் உடைந்துவிடும் என்று பயந்துதான் காகிதத்தை எடுத்தேன்.

நம் வீட்டை விற்கிறார்கள். நம் வீடு நம் வீடு என்று சொல்லியே இருபத்தெட்டு வருடம் வாடகை கொடுத்துவிட்டேன், வாய் பழகிவிட்டது. வீட்டுக்காரம்மா காலமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் மகன் வந்து நின்றான். உன்னோடு நம் முன்னறையில் உட்கார்ந்து என்னிடம் கணக்குப் படித்தவன்தான். தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், உங்க ஸ்கூல் பக்கத்துல இருக்குன்னுதான் இந்த விலை வருது, வர்றப்பவே வித்துடணும்ல என்றான். வகுத்தலில் மீதியை மறந்துவிட்டு வருகிற பையன், இப்போது ஒரு காசு மீதி வைக்காமல் கணக்குப் போடுகிறான். சொல்லிக்கொடுத்தவளே நான்தான், யாரை நோவது.

நாம் குடிவந்தபோது பிள்ளைகளின் கூச்சலுக்குப் பயந்து ஒருவரும் இந்தத் தெருப்பக்கம் வரமாட்டார்கள், அதனால்தான் நமக்கு வீடு கட்டுப்படியானது. பிறகு நாங்கள் ஆசிரியர்கள் பத்துப் பேர் சாயங்காலமெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதில் பள்ளிக்குப் பெயர் வந்தது, பெயர் வந்ததும் விலை ஏறியது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். பள்ளிக்கு நான்கு நிமிட நடை என்று தரகர் நம் கேட்டில் பலகை மாட்டியிருந்தார். அப்பா கடைசியாகப் படுத்திருந்த அறையை விடு, ஒழுகுகிற குழாயைக்கூட வீடு வாங்க வந்தவர்கள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. கடிகாரமும் கையுமாகப் பள்ளி வாசல்வரை நடந்துவிட்டு வந்து விலை பேசினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள், நானும் அசடு மாதிரி போனேன். என் முழங்காலோடு ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது, தரகருக்கு என்மேல் ஒரே கோபம். இருந்தும் போன வாரம் விலை படிந்துவிட்டது.

சொல்ல வந்தது இனிமேல்தான். அடுத்த வருடம் திரும்பி வந்து என்னோடு இருக்கிறோம், குட்டியை உங்கள் பள்ளியிலேயே சேர்க்கிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் இன்னும் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பள்ளியைச் சுற்றியுள்ள ஏழு தெருப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். என் பென்ஷனுக்கு அந்த ஏழு தெருவில் ஓர் அறைகூட இல்லை, நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. தலைமை ஆசிரியையிடமும் போய் நின்றேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் விதியை மீற முடியாதுக்கா என்றுவிட்டாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை பார்த்திருக்கிறேன், ஒன்றாம் தேதி போகிறேன். அங்கிருக்கிற பள்ளியை யாரும் நல்லதாகச் சொல்வதில்லை, அதனால்தான் கட்டுப்படியாகிறது.

இதைப் படித்ததும் வருவதைத் தள்ளிப்போட்டுவிடுவாயோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பலகையைப் பார்த்து வந்தவர்களைக் குறை சொல்கிறேனே, என் மகனும் பள்ளிக்காகத்தான் வரவிருந்தானோ என்று ஒரு நினைப்பு இரண்டு நாளாக என்னைத் தின்கிறது. தப்பென்றால் அம்மாவை மன்னித்துவிடு.

மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல். குட்டிக்கு என் முத்தம். மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது, பழையதற்கு எழுதிவிடாதே. அங்கிருந்து எந்தப் பள்ளி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்திலிருந்து என் வாசலுக்குப் பன்னிரண்டு நிமிடம், இந்த முழங்காலோடு நடந்து பார்த்துவிட்டேன். நீ ஐந்தில் வந்துவிடுவாய்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா